தக்காணத்தில் இல்லாத லித்தியம் நெவாடாவுக்கு எப்படி வந்தது?

கேட்கப்பட்டது இதுதான்: தக்காணப் பீடபூமியில் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பில் எரிமலைப் பாறை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. அந்தக் கருங்கல்லிலிருந்து லித்தியம் எடுக்கிறார்கள் என்று யாரும் கேள்விப்பட்டதில்லை. அமெரிக்காவில் நெவாடா, ஓரிகன் மாநிலங்களின் எல்லையில் ஒரே ஓர் எரிமலைப் பள்ளத்தில் உலகமே எட்டிப் பார்க்கும் அளவுக்கு லித்தியம் இருக்கிறது. இரண்டும் எரிமலைதானே, ஏன் இந்த வேறுபாடு? அரிய தனிமங்கள் பூமியின் அடியாழத்திலிருந்து வருகின்றன என்றால், ஆழத்திலிருந்து பொங்கிய தக்காணக் குழம்பில் அவை கூடுதலாக இருக்க வேண்டாமா? ஒரு பாறை இப்படிச் செறிவு பெற்றதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

நடுக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், குழப்பத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. ஆழத்தில் புதையல் இருக்கிறது என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். பூமியின் கவசம், அதாவது மேலோட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த பாறை அடுக்கு, இந்தத் தனிமங்களைப் பொறுத்தவரை பரம ஏழை. யுரேனியத்தைப் பாருங்கள்: கவசப் பாறையில் நூறு கோடிக்குச் சுமார் 20 பங்கு. கண்ட மேலோட்டின் மேற்பகுதியிலோ பத்து லட்சத்துக்கு 2.7 பங்கு, அதாவது நூறு மடங்குக்கும் மேல். லித்தியம் கவசத்தில் பத்து லட்சத்துக்கு ஒன்றரைப் பங்கு, மேலோட்டின் மேற்பகுதியில் இருபதுக்கும் மேல். பூமி பிறந்ததிலிருந்து நடந்த ஒவ்வொரு உருகலும் ஒவ்வொரு உறைதலும் இவற்றைக் கீழேயிருந்து மேலே தள்ளிக்கொண்டே வந்திருக்கிறது. ஆழத்திலிருந்து நேராக வந்த குழம்பு என்றால் அது அரிய தனிமங்களில் வறியது என்றுதான் பொருள்.

ஏன் மேலே தள்ளப்படுகின்றன என்பதற்கு ஒரே ஒரு படிகத்தின் உள்ளே போய்ப் பார்த்தால் போதும். ஆலிவின் என்ற பச்சைக் கனிமம் மேற்கவசத்தில் பாதிக்கு மேல் நிறைந்திருப்பது. மக்னீசியம், இரும்பு, சிலிக்கான், ஆக்சிஜன், இவ்வளவுதான் அதன் கட்டுமானம். மக்னீசிய அயனியின் ஆரம் 72 பிகோமீட்டர், மின்சுமை கூட்டல் இரண்டு. நிக்கல் வந்தால் ஆலிவின் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளும், ஏனென்றால் அதன் ஆரம் 69, சுமையும் இரண்டு. ருபிடியத்தின் ஆரம் ஏறக்குறைய 152. அந்த இடத்தில் அது உட்காரவே முடியாது. யுரேனியம் 89 என்றாலும் சுமை நான்கு. ஓர் இடத்தில் நான்கு சுமை வந்தால் பக்கத்தில் எங்காவது ஈடுகட்ட வேண்டும், படிகத்துக்கு அது பெரும் தொல்லை. பெரிலியம் இன்னொரு வகையான சிக்கல். மக்னீசியத்தின் இடத்துக்கு அது மிகச் சிறியது. சிலிக்கானின் இடத்துக்கு அளவில் பொருந்தும், ஆனால் நான்கு சுமை இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுதான் இருக்கும். அளவும் சுமையும் சேர்ந்துதான் யார் உள்ளே, யார் வெளியே என்பதைத் தீர்மானிக்கின்றன என்று முறைப்படுத்திச் சொன்னவர் விக்டர் கோல்ட்ஷ்மிட். 1920களிலும் 30களிலும் அவர் வகுத்த விதிகள், பல திருத்தங்களோடு, இன்றும் புவிவேதியியலின் அடித்தளம்.

லித்தியம் மட்டும் இந்த வரிசையில் சற்றுக் குறும்புக்காரன். அதன் ஆரம் 76, மக்னீசியத்துக்குப் பக்கத்தில்தான். சுமைதான் ஒன்று. அதனால் ஆலிவின் அதை முழுதாக ஒதுக்குவதுமில்லை, முழுதாகச் சேர்ப்பதுமில்லை, கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். இதை நினைவில் வையுங்கள், நெவாடா கதையில் இது மறுபடி வரும்.

படிகங்களுக்கு வேண்டாதவை திரவத்தில் தங்கிவிடுகின்றன. உப்பளத்தில் உப்பு விளைய விளைய, மிஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியமும் புரோமினும் ஏறிக்கொண்டே போவதைப் போன்றது இது. புரோமினைத் தேடுகிறவர் உப்பு மேட்டை விட்டுவிட்டு அந்தக் கசப்பு நீரைத்தான் கேட்பார். எரிமலைக் குழம்பிலும் நாம் தேடுவது எஞ்சிய திரவத்தை.

செறிவு பெறும் முதல் வாய்ப்பு உருகும்போதே வருகிறது. கவசம் ஒருபோதும் முழுதாக உருகுவதில்லை. மேலேறும் பாறையில் அழுத்தம் குறைய, அதில் ஒரு சிறு பகுதி மட்டும் படிக இடுக்குகளில் திரவமாகிறது. படிகம் அறவே ஏற்காத ஒரு தனிமம் அந்த முதல் சொட்டுத் திரவத்துக்கே ஓடிவிடும். பாறையில் 1 சதவீதம் மட்டும் உருகினால் அந்தத் திரவத்தில் அதன் செறிவு நூறு மடங்கு. 10 சதவீதம் உருகினால் பத்து மடங்குதான். அதே சரக்கு, கரையும் நீரின் அளவு மட்டும் வேறு.

தக்காணத்தின் ஏழ்மைக்குப் பெரும் காரணம் இதுதான். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வழக்கத்தைவிடச் சூடான கவசம் பெரிய அளவில் உருகியதால்தான் அத்தனை லட்சம் கன கிலோமீட்டர் பசால்ட் என்ற கருநிற எரிமலைப் பாறை வந்தது. அளவு பெருகியபோது சரக்கு நீர்த்துப்போனது. ஆனால் அதே நிகழ்வின் ஓரத்தில், குஜராத்தின் சோட்டா உதேபூர் பக்கம் அம்பா டோங்கர் என்ற இடத்தில் ஒரு சிறு வட்டக் குன்று இருக்கிறது. கார்பனடைட் என்ற, சிலிக்கேட்டுக்குப் பதிலாகக் கார்பனேட்டால் ஆன தீப்பாறை அது. மிகக் குறைந்த உருகலில் தொடங்கிய குழம்பின் வாரிசு. அங்கே அருமண் தனிமங்களும் இருக்கின்றன, இந்தியாவின் முக்கியமான ஃபுளூரைட் படிவும் இருக்கிறது. ஒரே காலம், ஒரே வெப்பம், பக்கத்துப் பக்கத்து இடம். உருகிய சதவீதம் வேறு. தக்காணத்தைப் பற்றிப் பேசும்போது இந்தக் குன்றை விட்டுவிட்டுப் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை.

இரண்டாவது வாய்ப்பு, குழம்பு மேலே வந்து ஆறும்போது. பசால்ட் குழம்பு சுமார் 1200 டிகிரி செல்சியஸில் வருகிறது. ஆற ஆற முதலில் ஆலிவின், பிறகு பைராக்சீன், பிளாஜியோகிளேஸ் என்று கனிமங்கள் ஒவ்வொன்றாகப் படிகமாகின்றன. ஒவ்வொரு படிகமும் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதால் எஞ்சும் திரவத்தின் சேர்மானம் மாறிக்கொண்டே போகிறது: மக்னீசியம் குறைகிறது, சிலிக்கா கூடுகிறது. பசால்ட்டில் தொடங்கி, ஆண்டிசைட், டேசைட் வழியாக, சிலிக்கா மிகுந்த ரயோலைட்டில் முடியும் இந்தப் பயணத்தைச் சோதனைச்சாலை உலைகளில் பாறைத் தூளை உருக்கி உருக்கி நிறுவியவர் நார்மன் போவன். 1928இல் வெளிவந்த அவருடைய நூலுக்குப் பிறகு, தீப்பாறைகளை வெறும் வகைகளாக அடுக்கி வைத்திருந்தவர்களும் அவற்றை ஒரே குழம்பின் பருவங்களாகப் பார்க்கத் தொடங்கினார்கள்.

இதை உலைக்கு வெளியே, இயற்கையிலேயே நேரில் பார்த்த இடம் ஹவாயில் இருக்கிறது. 1959 நவம்பர், டிசம்பர் மாதங்களில் கிலாவேயா எரிமலையின் பக்கத்துப் பள்ளமான கிலாவேயா இக்கியில் குழம்பு பொங்கியது. ஒரு கட்டத்தில் தீ ஊற்று 500 மீட்டருக்கும் மேல் எழுந்தது. பொங்கி அடங்கியபின் பள்ளத்தில் நூறு மீட்டருக்கும் ஆழமான லாவா ஏரி மிஞ்சியது. மேலே ஓடு உறைந்ததும் அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தினர் அதன்மீது ஏறி நின்று துளையிடத் தொடங்கினார்கள். 1960இல் தொடங்கிய அந்த வேலை விட்டுவிட்டு 1988 வரை நடந்தது. ரோசலிண்ட் ஹெல்ஸ் போன்றவர்கள் அந்தப் பாறைத் தண்டுகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். ஆலிவின் மணிகள் அடியில் சேர்ந்திருந்தன. இடையில், பாதி உறைந்த பாறைக்குள், கறுத்துப் பருமணிகளாக உறைந்த நரம்புகள் ஓடின. அவை எஞ்சிய திரவம் ஒன்றுகூடி ஊர்ந்த தடங்கள். போட்ட துளைக்குள்ளேயே எஞ்சிய திரவம் கசிந்து வந்து கண்ணாடியாக உறைந்ததும் உண்டு. ஏரியில் கொட்டிய குழம்பில் சிலிக்கா 50 சதவீதத்துக்கும் குறைவு. ஏறக்குறைய உறைந்து முடிந்த பகுதியில் படிகங்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட கடைசித் துளிக் கண்ணாடியில் அது 70 சதவீதத்தைத் தாண்டியது. ஒரு தலைமுறைக் காலத்துக்குள், ஒரே பள்ளத்தில், பசால்ட்டிலிருந்து ரயோலைட் வரை.

2005இல் ஹவாயின் பூனா புவிவெப்ப நிலையத்தில் கிணறு தோண்டியபோது, சுமார் இரண்டரைக் கிலோமீட்டர் ஆழத்தில் துளைப்பான் உயிருள்ள குழம்பிலேயே போய்க் குத்தியது. பசால்ட் தீவில் அங்கே அகப்பட்டது டேசைட். முன்பு எப்போதோ நிலத்தடியில் தங்கிவிட்ட பசால்ட் ஆறி ஆறி அந்த நிலைக்கு வந்திருந்தது.

அப்படியென்றால் கிலாவேயாவின் அந்தக் கடைசித் துளியில் லித்தியமும் யுரேனியமும் குவிந்திருக்க வேண்டுமே? செறிவு இருக்கத்தான் செய்கிறது. பிரித்து எடுக்கத்தான் வழியில்லை. இந்த இடத்தில் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

படிகங்கள் முற்றாக ஒதுக்கும் ஒரு தனிமம் என்று வைத்துக்கொள்வோம். குழம்பில் பாதி உறைந்துவிட்டது. எஞ்சிய திரவத்தில் அதன் செறிவு இரண்டு மடங்கு. இவ்வளவு பாடுபட்டு வெறும் இரண்டு மடங்கு! 90 சதவீதம் உறைந்தால்தான் பத்து மடங்கு. நூறு மடங்கு வேண்டுமென்றால் 99 சதவீதம் உறைய வேண்டும். அப்போது நூற்றில் ஒரு பங்குத் திரவம் கோடிக்கணக்கான படிக மணிகளின் இடுக்கில் மெல்லிய படலமாகப் பரவிக் கிடக்கும். பாறையை மொத்தமாக எடுத்துச் சோதித்தால் தொடக்கத்தில் இருந்த அதே சராசரிதான் வரும். எதுவும் கூடவில்லை, இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். ஆக, செறிவு பெறுவது எளிது. செறிவு பெற்ற திரவம் படிகங்களை விட்டுப் பிரிந்து வேறொரு இடத்தில் சேர்வதுதான் அரிது. பசால்ட் எரிமலைகளில் பெரும்பாலானவை இந்தத் தேர்வில் தோற்றவை. உலகில் எரிமலைக்குப் பஞ்சமில்லாமல் சுரங்கத்துக்குப் பஞ்சம் இருப்பதற்கு என் பார்வையில் முதல் காரணம் இதுதான்.

திரவம் எப்படிப் பிரிகிறது? படிகங்கள் கனமானவை, அடியில் படிந்துவிடும், தெளிந்த திரவம் மேலே நிற்கும் என்பது பழைய சித்திரம். நீர்த்த பசால்ட்டுக்கு அது ஓரளவு சரி. ரயோலைட் குழம்போ அவ்வளவு பிசுபிசுப்பானது; அதில் ஒரு சிறு குவார்ட்ஸ் மணி மூழ்குவதற்குள் குழம்பே உறைந்துவிடலாம். கலிபோர்னியாவின் லாங் வேலியில் சுமார் 7.6 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பு வெடித்த எரிமலை இந்தச் சிக்கலைக் கூர்மையாக முன்வைத்தது. 600 கன கிலோமீட்டர் அளவுக்கு ரயோலைட் வெளியே கொட்டிய நிகழ்வு அது; அதன் படிவுக்குப் பிஷப் டஃப் என்று பெயர். முதலில் வெளிவந்த சாம்பல், அதாவது அறையின் மேல்மட்டத்தில் இருந்தது, சுமார் 720 டிகிரி வெப்பத்தில் இருந்தது. ருபிடியம், யுரேனியம், நையோபியம் எல்லாம் அதில் அதிகம். கடைசியில் வந்தது இன்னும் சூடானது, இவற்றில் குறைந்தது. வெடிப்பு அறையைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டிவிட்டது.

இதை விவரமாக அளந்த வெஸ் ஹில்ட்ரெத், 1979இல், படிகம் மூழ்குவதால் இது வரவில்லை, வெப்ப வேறுபாட்டால் திரவத்துக்குள்ளேயே தனிமங்கள் நகர்ந்து சேர்ந்திருக்கின்றன என்றார். அந்த விளக்கம் பின்னாளில் கைவிடப்பட்டது. இன்று பெரும்பாலோர் ஏற்பது இது: நிலத்தடியில் இருப்பது திரவம் நிறைந்த தொட்டி அன்று, பெரும்பகுதி படிகமும் இடையே கொஞ்சம் திரவமுமாக இருக்கும் சேறு. படிகங்கள் பாதியைத் தாண்டியதும் ஒன்றையொன்று தாங்கி நிற்கத் தொடங்குகின்றன. அந்தச் சட்டகம் தன் எடையாலேயே மெதுவாக அமுங்க, இடையில் உள்ள லேசான திரவம் பிழியப்பட்டு மேலே சேர்கிறது. இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அவ்வளவு காலமும் கீழேயிருந்து வரும் புதிய பசால்ட் சேற்றை உறையவிடாமல் சூடாக வைத்திருக்க வேண்டும். கண்ட மேலோட்டின் தடிமன் அதற்கு வாய்ப்பளிக்கிறது. தீவு எரிமலைகளிலோ குழம்பு பெரும்பாலும் வந்த வேகத்தில் வெளியே கொட்டிவிடுகிறது.

வெடித்துச் சிதறிய பாறையில் அந்தத் திரவம் எப்படி இருந்தது என்று எப்படித் தெரியும்? குவார்ட்ஸ் படிகத்துக்குள் பார்த்துத்தான். பிஷப் டஃபின் குவார்ட்ஸ் மணி ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். அதை வழவழப்பாகத் தேய்த்து நுண்ணோக்கியில் வைத்தால் உள்ளே ஒரு கண்ணாடித் துளி தெரியும், ஒரு தலைமுடியின் தடிமன் அளவுக்கு. படிகம் வளரும்போது சுற்றியிருந்த குழம்பில் ஒரு துளியை உள்ளே வைத்து மூடிவிட்டது. வெளியே இருந்த குழம்பு வெடிக்கும்போது தன் நீராவியையும் ஆவியாகும் தனிமங்களையும் இழந்தது. இந்தத் துளி இழக்கவில்லை. அயனிக் கற்றையை அதன்மேல் செலுத்திக் கரைந்திருந்த நீர் எவ்வளவு, லித்தியம் எவ்வளவு என்று அளக்கிறார்கள். வெடிப்பு நடந்து பல லட்சம் ஆண்டுகளுக்குப் பிறகும் குழம்பறையின் உள்விவரம் கிடைப்பது இந்தத் துளிகளால்தான்.

இன்னொரு சாட்சி யூரோப்பியம். அருமண் தனிமங்கள் எல்லாம் மூன்று சுமை கொண்டவை, ஒன்றாகவே நடமாடும். யூரோப்பியம் மட்டும் குழம்பில் இரண்டு சுமையாகவும் மாறும். அப்போது பிளாஜியோகிளேஸ் படிகம் அதைக் கால்சியத்தின் இடத்தில் எடுத்துக்கொள்ளும். ஆகவே பிளாஜியோகிளேஸ் நிறையப் பிரிந்துபோன குழம்பில், அருமண் தனிமங்களின் அளவை வரிசையாகக் குறித்த வரைபடத்தில் யூரோப்பியத்தின் இடத்தில் மட்டும் ஒரு பள்ளம் விழும். நிலவில் இது பிரமாண்டமாக நடந்திருக்கிறது. நிலவு பிறந்த புதிதில் ஒரு குழம்புக் கடலால் மூடப்பட்டிருந்தது. அதில் லேசான பிளாஜியோகிளேஸ் மேலே மிதந்து அனார்த்தோசைட் என்ற வெண்பாறை மேலோடாக உறைந்தது. அந்தப் பாறையில் யூரோப்பியம் மேடு. அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த கருநிறப் பசால்ட்டில் யூரோப்பியம் பள்ளம். கடலின் கடைசி வண்டலில் பொட்டாசியம், அருமண், பாஸ்பரஸ், தோரியம் எல்லாம் குவிந்தன. நிலவின் நமக்குத் தெரியும் பக்கத்தில் அது செறிந்திருப்பதை 1998-99இல் லூனார் புராஸ்பெக்டர் விண்கலம் தோரிய வரைபடமாகவே தந்தது. சந்திரயான் ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோவுக்கு நிலவு மண் தேவைப்பட்டபோது நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பாறைகளைப் பொடித்து எடுத்ததும் அவை அனார்த்தோசைட் என்பதால்தான்.

பிரிதல் நன்றாக நடந்தாலும் செறிவு ஏறிக்கொண்டே போகும் என்று உறுதியில்லை. சிர்கோனியத்தைப் பாருங்கள். தொடக்கத்தில் எந்தப் படிகமும் அதை ஏற்காது, திரவத்தில் ஏறிக்கொண்டே வரும். ஒரு கட்டத்தில் திரவம் தாங்க முடியாமல் சிர்கான் என்ற அதற்கென்றே உள்ள படிகம் பிறந்துவிடும். அதோடு ஏற்றம் நின்றது. மோனசைட் என்ற கனிமம் தோன்றினால் இலேசான அருமண் தனிமங்களுக்கும் தோரியத்துக்கும் அதே கதி. சாதாரண கிரானைட்டுகள் பலவற்றில் இது சீக்கிரமே நடந்துவிடுகிறது. பொடிப் பொடியாகப் பாறை முழுதும் தூவிக் கிடக்கும் சிர்கானால் சுரங்கக்காரருக்குப் பயனில்லை.

இந்தக் கூரையை உடைப்பது சோடியம். குழம்பில் சோடியமும் பொட்டாசியமும் சேர்ந்து அலுமினியத்தை விஞ்சிவிட்டால் சிர்கான் கரையும் அளவு பல மடங்கு கூடிவிடுகிறது; படிகம் பிறப்பது தள்ளிப்போகிறது, செறிவு ஏறிக்கொண்டே இருக்கிறது. இதன் உச்சத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிரீன்லாந்தின் தென்முனைக்குப் போக வேண்டும். இலிமௌஸ்ஸாக் என்ற அந்தத் தீப்பாறைத் தொகுதிக்கு வயது சுமார் 116 கோடி ஆண்டு. பிளவுபட்டுக்கொண்டிருந்த கண்டத்துக்கு அடியில், சிறு அளவு உருகலில் பிறந்த காரக் குழம்பு அங்கே மூடிய அறைக்குள் மெல்ல உறைந்தது. சோடலைட் படிகங்கள் குழம்பைவிட லேசானவை என்பதால் மேலே மிதந்து அறையின் கூரையில் ஒட்டிக்கொண்டன. அடித்தளத்தில் கறுப்பு, சிவப்பு, வெள்ளை என்று மூன்று நிறப் பட்டைகள் திரும்பத் திரும்ப அடுக்கப்பட்டிருக்கின்றன. சிவப்புப் பட்டைக்கு நிறம் கொடுப்பது யூடியலைட். சிர்கோனியம், நையோபியம், அருமண் ஆகியவற்றைத் தன்னுள் வைத்திருக்கும் கனிமம். சாதாரண கிரானைட் உறைந்து முடிந்திருக்கக்கூடிய வெப்பநிலைக்குக் கீழேயும் இந்தக் குழம்பு திரவமாகவே இருந்தது. கூரைக்கும் தளத்துக்கும் நடுவில் மாட்டிய கடைசித் திரவம் உறைந்த பாறையில்தான் குவானேஃப்யெல் படிவு இருக்கிறது, அருமண்ணோடு யுரேனியமும் தோரியமும் சேர்ந்து. இந்த யுரேனியம்தான் அங்கே பெரும் அரசியலாகி, 2021இல் கிரீன்லாந்து யுரேனியச் சுரங்கத்துக்கு எதிராகச் சட்டமே கொண்டுவந்தது. படிகத்துக்குள் இடம் கிடைக்காதவை எல்லாம் ஒன்றாகவே சேர்கின்றன. வேண்டியது மட்டும் தனியாக வருவதில்லை.

நம் ஊர்ப் பக்கம் கேட்பவர்களுக்கு ஒரு வரி: திருப்பத்தூர் மாவட்டத்துச் செவ்வாத்தூரிலும் கார்பனடைட் இருக்கிறது, சுமார் 80 கோடி ஆண்டுப் பழமை. யுரேனியமும் நையோபியமும் உள்ள பைரோகுளோர் என்ற கனிமம் அதில் காணப்படுகிறது. அங்கே சுரங்கம் நடந்தது என்னவோ வெர்மிகுலைட் என்ற, அப்பிரகம் போன்ற கனிமத்துக்காகத்தான்.

இனி நெவாடா. லித்தியம் பாதி ஒதுக்கப்படும் தனிமம் என்று சொன்னேன். ஆகவே கவசத்துப் பசால்ட்டை மட்டும் ஆற வைத்து லித்தியச் செல்வத்தைப் பெறுவது கடினம். ஏற்கெனவே லித்தியம் ஏறிய பொருள் தொடக்கத்திலேயே வேண்டும். அதைக் கொடுப்பது கண்ட மேலோடு. 2017இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தினர் பல இடங்களின் ரயோலைட்டுகளிலிருந்து குவார்ட்ஸ் கண்ணாடித் துளிகளை எடுத்து ஒப்பிட்டார்கள். கண்ட மேலோட்டுப் பாறையை உருக்கிச் சேர்த்துக்கொண்ட குழம்புகளில்தான் லித்தியம் உயர்ந்திருந்தது. பெருவின் மக்குசானியில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. களிமண் கலந்த படிவுப் பாறை உருகி வந்த எரிமலை அது. அங்கே கிடைக்கும் எரிமலைக் கண்ணாடிக் கூழாங்கற்களில் லித்தியம் ஆக்சைடு எடையில் சுமார் 0.7 சதவீதம் இருக்கிறது. போரானும் ஃபுளூரினும் கூடவே. ஆறு கொண்டுவந்து போட்ட கண்ணாடித் துண்டுக்கு இது மிரள வைக்கும் அளவு.

நெவாடா எல்லையில் இருக்கும் மெக்டெர்மிட் கால்டெரா சுமார் 1.64 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வெடித்து, கூரை இடிந்து உள்ளே விழுந்து உண்டான பள்ளம். எல்லோஸ்டோனுக்கு அடியில் இன்று இருக்கும் அதே வெப்பப் புள்ளியின் (ஆழத்திலிருந்து வெப்பம் தொடர்ந்து மேலேறும் இடம்) தொடக்க காலக் கைவேலை. அங்கே வெடித்த ரயோலைட்டில் லித்தியம் கூடுதல்தான், ஆனால் அந்த ரயோலைட்டையே வெட்டி விற்க முடியாது. அதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். பள்ளத்தில் நீர் தேங்கி ஏரியானது, வெளியேற வழியில்லாத ஏரி. சுற்றியிருந்த சாம்பலும் கண்ணாடியும் எளிதில் சிதையும் பொருள்கள். மழை நீரும் வெந்நீரும் அவற்றிலிருந்து லித்தியத்தைக் கரைத்து ஏரியில் சேர்த்தன. ஏரிப் படுகையின் களிமண் அதை மக்னீசியத்துக்குப் பக்கத்தில், ஆரப் பொருத்தத்தால்தான், உட்கார வைத்துக்கொண்டது. பின்னர் அடியிலிருந்து ஏறிய சூடான நீர் அந்தக் களிமண்ணின் ஒரு பகுதியை இன்னும் லித்தியம் மிகுந்த, 'இல்லைட்' என்ற களிமண் கனிமமாக மாற்றியது. அதில் லித்தியம் 1 சதவீதத்தைத் தாண்டுகிறது. கால்டெராவின் தென்பகுதியான தாக்கர் பாஸில் 2023இல் சுரங்கக் கட்டுமானம் தொடங்கியது, அந்த நிலத்தைப் புனிதமாகக் கருதும் பையூட், ஷொஷோனி பூர்வகுடி மக்களில் பலருடைய எதிர்ப்புக்கு நடுவில். குழம்பு பாதி வேலையைச் செய்தது; மீதியைச் செய்தது ஏரி. இதைக் கவனிக்காமல் "எரிமலை லித்தியம்" என்று எழுதும் செய்திகளைப் படித்தால் சலிப்புதான் வருகிறது.

யூட்டாவின் ஸ்போர் மலையில் பெரிலியத்துக்கு நடந்தது இதைவிட அழகு. சுமார் 2.1 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய அந்த ரயோலைட்டில் ஃபுளூரின் நிறைய. ஃபுளூரின் குழம்பின் பிசுபிசுப்பைக் குறைக்கும், உறையும் வெப்பநிலையைத் தாழ்த்தும், பெரிலியத்தோடு கூட்டுச் சேர்ந்து அதை நீரில் கரைந்த நிலையில் சுமந்தும் செல்லும். அந்த நீர் சாம்பல் படுகையில் சிக்கியிருந்த சுண்ணக்கல், டோலமைட் துண்டுகளைச் சந்தித்தது. கால்சியம் ஃபுளூரினைப் பறித்துக்கொண்டு ஃபுளூரைட் ஆனது. துணை இழந்த பெரிலியம் அந்த இடத்திலேயே பெர்ட்ரான்டைட் என்ற கனிமமாகப் படிந்தது. அங்கே ஒரு கல் முண்டை உடைத்துப் பார்த்தால் பழைய சுண்ணக்கல் துண்டு, அதைச் சுற்றிச் சிலிக்கா, ஊதா நிற ஃபுளூரைட் என்று வளையங்கள் தெரியும். உலகின் பெரிலியத்தில் பெரும்பகுதி இந்த மலையிலிருந்துதான் வருகிறது; ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் 18 கண்ணாடித் துண்டுகளும் இங்கிருந்து எடுத்த பெரிலியத்தில் செய்தவை.

வெடிக்காமல் நிலத்தடியிலேயே உறைந்துவிடும் குழம்புகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீரும் ஃபுளூரினும் தப்பிக்காமல் கடைசிவரை தங்குவதால் அங்கே பெக்மடைட் என்ற பருமணிப் பாறைகள் உருவாகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரீன்புஷஸ் லித்தியம், கனடாவின் டான்கோ சீசியம் எல்லாம் அந்த வகை. எரிமலையாக வெளியே கொட்டாததே அவற்றின் நல்ல காலம்.

ஒரு பாறையைப் பார்த்து எப்படிச் சொல்வது என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. கண்ணால் சொல்ல முடியாது. ஆய்வக அறிக்கை வேண்டும். அதில் லித்தியத்தின் அளவை முதலில் தேடாதீர்கள், அது நீரில் எளிதாகக் கரைந்து போகக்கூடியது, பாறை சற்றே சிதைந்திருந்தாலும் எண் ஏமாற்றும். விகிதங்களைப் பாருங்கள். ஸ்ட்ரான்சியத்தைப் பிளாஜியோகிளேஸ் எடுத்துக்கொண்டு போய்விடும், ருபிடியம் தங்கும். ஆகவே ருபிடியம், ஸ்ட்ரான்சியம் விகிதம் எகிறியிருந்தால் நிறையப் படிகம் பிரிந்திருக்கிறது. சிர்கோனியமும் ஹாஃப்னியமும் இணைபிரியாத இரட்டையர், சாதாரணப் பாறைகளில் 37-க்கு ஒன்று என்ற அளவில் வரும்; கிரானைட், ரயோலைட் வகைகளில் அது 20-க்குக் கீழே இறங்கியிருந்தால் குழம்பு வெகுதூரம் வந்திருக்கிறது. நையோபியம், டாண்டலம் விகிதம் 5-க்குக் கீழே போனால் குழம்போடு சூடான நீரும் வேலையில் இறங்கிவிட்டது என்று கொள்ளலாம். கூடவே யூரோப்பியப் பள்ளம் ஆழமாக இருக்கிறதா என்று பாருங்கள். நான்கும் ஒரே கதையைச் சொன்னால், அதன்பின் நிலப்படத்தை எடுத்துச் சுற்றுப்புறத்தில் பழைய ஏரிப் படுகை இருந்ததா, சுண்ணக்கல் இருந்ததா என்று தேடலாம். தக்காணப் பசால்ட்டின் ஒரு துண்டை இந்தச் சோதனைக்கு அனுப்பினால் சிர்கோனியம், ஹாஃப்னியம் விகிதம் 30-க்கு மேலேயே நிற்கும், யூரோப்பியப் பள்ளமும் பெரிதாக இருக்காது.